அரை இடம்

ஜெசிந்தாவின் கால்கள் கதவைக் கண்டால் நின்றுவிடும்.

வெட்டவெளியில் நடப்பாள். அடி கொஞ்சம் குறுகியிருக்கும், வலது கை நடுங்கும், அவ்வளவுதான். கதவு, லிஃப்ட், இரண்டு பைக்குகளுக்கு நடுவே ஒரு சந்து என்று குறுகலாக எது எதிர்ப்பட்டாலும் இரண்டு பாதங்களும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனசு போ என்னும். இடுப்பு போ என்னும். பாதம் கேட்காது. பார்க்கின்சன் வந்தவர்கள் பலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர்.

தூத்துக்குடியில் இருபத்தெட்டு வருஷம் போக்குவரத்து ஏட்டாக இருந்தவள். "ஊர்ல உள்ள லாரியெல்லாம் நிறுத்துனேன். இப்ப என்னைய நிறுத்தியிருக்கு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

சிரிக்கக் காரணமும் இருந்தது. அறுபத்தோரு வயதில் அவளுக்குக் கல்யாணம். ஏழு வாரம் இருந்தது.

மாப்பிள்ளை தனிஸ்லாஸ் மொத்தா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஒன்பது வருஷம். ஜெசிந்தாவின் புருஷன் போய்ப் பதினான்கு. இருவரும் சந்தித்தது பிசியோதெரபி கிளினிக்கில். அவருக்கு மூட்டு மாற்றிய கால். ஒரு நாள் அவர் உட்கார்ந்து சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தபோது அவள் கண்ணாடிக் கதவின் முன்னால் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏட்டம்மா, சிக்னல் விழுந்துட்டு. போங்க" என்றார்.

நோய் வந்த நாளிலிருந்து எல்லோரும் அவளிடம் மெதுவாகப் பேசினார்கள். கேலி செய்த முதல் ஆள் அவர்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஆரம்பித்தது.

கல்யாணத்துக்கு அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அவளாகவே நடக்க வேண்டும். கையைப் பிடிக்கக் கூடாது. சக்கர நாற்காலி கூடாது. முதல் கல்யாணத்தில் அப்பா முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மழை வந்துவிடும் என்ற அவசரம் அவருக்கு. அன்றைக்குக் கோயிலை அவள் பார்க்கவே இல்லை. தரையைத்தான் பார்த்தாள்.

"இந்தத் தடவ எல்லாரையும் பாத்துக்கிட்டே போவேன்" என்றாள். "யாரு வந்திருக்கா, யாரு வரலன்னு எண்ணிக்கிட்டே போவேன்."

"கேஸ் எழுதிராதிய" என்றார் தனிஸ்.

அந்த நடைக்குப் பொறுப்பு கோகிலவாணியிடம் வந்தது. தாராபுரத்திலிருந்து வந்த பிசியோதெரபிஸ்ட். சின்னப் பெண். "பேருதானுங்க கோகிலவாணி. எங்க வீட்டுக் காலிங்பெல்லுக்கு இருக்கிற சங்கீதம்கூட எனக்கு வராது" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சொல்ல வேண்டியிருந்தது. அவள் ஜெசிந்தாவின் காதில் வைத்தது ஒரு பாட்டுமணி.

பாட்டுமணி மல்லிகை மொட்டு அளவு இருக்கும். காதில் வைத்துக்கொண்டு வேண்டியதைச் சொன்னால் அந்த நிமிடமே ஒரு புதுப் பாட்டை உண்டாக்கிப் பாடும். முடிந்ததும் அந்தப் பாட்டு போய்விடும். மறுபடி கேட்டால் வேறு பாட்டு. ஊரில் எல்லோர் காதிலும் அது இருந்தது. மருத்துவத்துக்கென்று வந்த மணி மட்டும் கொஞ்சம் கறார். 'குஷியா ஒண்ணு போடு' என்றால் வாயைத் திறக்காது. இசைச் சொற்களை மட்டும்தான் ஏற்கும். அளவு பிசகக் கூடாது என்று அப்படிச் செய்திருந்தார்கள். நாற்பது சொற்கள் அச்சடித்த ஓர் அட்டையும் கூடவே வந்தது. அர்த்தம் அச்சடிக்க மறந்துவிட்டார்கள்.

கோகிலவாணி அட்டையைத் தமிழ் என்று நம்பிப் படித்தாள்.

"இது பாருங்கம்மா, 'துரித காலம்'. துரிதமான காலு. வேகமா எடுத்து வைக்கிறது."

மணியிடம் அதைச் சொன்னாள். காதுக்குள் ஒரு பாட்டு தலைதெறிக்க ஓடியது. ஜெசிந்தாவின் நெஞ்சு படபடத்தது. கால் அங்கேயே இருந்தது.

"பாட்டு போய்ச் சேந்துட்டு. நான் இங்கனதான் நிக்கேன்."

"சரி, 'கீழ்க்காலம்' போடுவோம். கீழ்க்கால்னா பாதந்தானுங்களே."

அந்தப் பாட்டு ஆமை மாதிரி வந்தது. அறையில் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். தனிஸ் சைக்கிளில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தாள். 'திஸ்ர நடை'. அகராதியில் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "திஸ்ரம்னா மூணுங்க. மூணு கால் நடை. உங்க ரெண்டு காலு, ஒரு கைத்தடி. உங்களுக்காகவே எழுதி வச்சிருக்காங்க."

அந்தப் பாட்டு நன்றாக இருந்தது. தகிட தகிட என்று ஊஞ்சல் போல வந்தது. 'நடுக்காலம்' என்று இன்னொன்றையும் சேர்த்தார்கள். ரொம்ப வேகமும் இல்லை, தூக்கமும் இல்லை. ஜெசிந்தா கதவுக்கு முன்னால் வரைக்கும் ஆடிக்கொண்டே போனாள். கதவில் நின்றாள்.

மூன்று வாரம் போய்விட்டது.

நாலாவது வாரம் திங்கட்கிழமை காலை. கோகிலவாணி பாட்டை நம்புவதை விட்டுவிட்டு, படித்த படிப்பை நம்புவது என்று முடிவு செய்திருந்தாள். சின்ன அடியாக, இடது காலை முதலில் எடுக்கச் சொல்லிப் பார்க்கலாம். ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில் குனிந்து, பாதத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள்.

"அரை அடிங்கம்மா. இடம்."

மணி அணைக்கப்படவில்லை. அவள் சொன்னதில் 'அரை', 'இடம்' இரண்டையும் மட்டும் அது எடுத்துக்கொண்டது.

தாளம் விழுந்தது. பாட்டு வரவில்லை. இத்தனை நாளும் தாளமும் பாட்டும் சேர்ந்தேதான் வரும். இன்றைக்கு என்ன என்று ஜெசிந்தா நினைத்தாள். நினைத்தது ஒரு துளி நேரம். பாட்டு வந்தபோது அவளுடைய இடது பாதம் தரையில் இல்லை.

கதவைத் தாண்டினாள். காத்திருப்போர் நாற்காலிகளைத் தாண்டினாள். தண்ணீர் கேன், மருந்துக் கடை, படி. ஒவ்வொரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும்போதும் பாட்டு அதே மாதிரி ஒரு துளி பின்தங்கியது. ஒவ்வொரு தடவையும் கால் முந்திக்கொண்டது. ஆட்டோ ஸ்டாண்டில் இரண்டு ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து வெளியே வந்து, அங்கே நின்று, திரும்பிப் பார்த்தாள்.

கோகிலவாணி ஒற்றைச் செருப்போடு ஓடி வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தனிஸ், கையில் அவளுடைய மற்றச் செருப்பு.

"என்ன சொன்ன புள்ள அதுட்ட?" என்றாள் ஜெசிந்தா.

"இடதுகாலுன்னுதானுங்க சொன்னேன்."

அட்டையில் தேடினார்கள். கடைசி வரியில் 'அரை இடம்' என்று இருந்தது. கோகிலவாணி யோசித்துப் பார்த்து, "பாதி லெஃப்ட்டுங்க போல" என்றாள். பேனாவால் மூன்று சொற்களுக்குப் பக்கத்தில் டிக் போட்டாள். திஸ்ர நடை, நடுக்காலம், அரை இடம்.

அந்த வாரம் முழுக்க ஜெசிந்தா ஊரில் இருக்கிற கதவுகளையெல்லாம் கடந்தாள். தபாலாபீஸ், மீன் மார்க்கெட், வங்கி. வேலை இல்லாத கடைகளுக்குள்ளும் போய் வந்தாள். ஒரு நகைக்கடையில் ஆறு தடவை நுழைந்து ஆறு தடவை வெளியேறினாள். காவலாளி கவலைப்பட்டார்.

கோயிலைப் பற்றி அவளுக்கு ஞாபகம் வந்தது அதற்குப் பிறகுதான்.

கோயிலுக்குள் பாட்டுமணி கூடாது. அது பங்குப் பேரவையின் சட்டம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஈஸ்டர் பூசையில் பங்குத்தந்தை இருதயராஜ், எல்லோரும் சேர்ந்து பாடுவோம் என்று கைகளை விரித்தார். இருநூறு பேர் பாடினார்கள். இருநூறு பாட்டு. ஒவ்வொருவரும் அவரவர் காதில் வந்ததைப் பாடினார்கள். மணியைக் கழற்றிவிட்டுப் பாடச் சொன்னார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு பேருக்குத் தெரிந்த ஒரு பாட்டு அந்தக் கோயிலில் இல்லை. பாடகர் குழுவில் முன்பு முப்பது பேர் இருந்தார்கள். நான்கு பேர் ஆகியிருந்தார்கள். சேர்ந்து பாடுவதற்கு என்ன அவசியம் என்று மற்றவர்களுக்குத் தோன்றிவிட்டது.

சட்டத்தை முன்மொழிந்தது ஜெசிந்தா. வாசலில் கூடையோடு நின்று மணிகளை வாங்கி வைத்ததும் அவள்தான். பல்வலியை மறக்கப் பாட்டு வேண்டும் என்று கெஞ்சிய கொரைராவை அவள் விடவில்லை. போன வருஷம் மச்சாது வீட்டுப் பெண் தன் கல்யாணத்தன்று, கூட்டத்தைக் கண்டால் மயக்கம் வரும், மணி இருந்தால்தான் நிற்க முடியும் என்று அழுதாள். விடவில்லை.

"உங்களுக்கு விலக்கு தரலாம்மா. மருத்துவக் காரணம்தான" என்றார் பங்குத்தந்தை.

"மச்சாது மகளுக்குக் குடுத்தமா சாமி?"

"நீங்கதான் குடுக்கக் கூடாதுன்னிய."

"அதத்தான் சொல்லுதேன்."

"ஏட்டம்மா, அது வேற, இது வேற."

"அவளுக்கும் அது வேறயாத்தான் இருந்திருக்கும்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். தனிஸ் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வாசல்லயே தாலி கட்டிருவோம்" என்றார். "நான் நடந்து வாரேன். எனக்கென்ன, இப்பத்தான் புது மூட்டு போட்டிருக்கு."

அவள் சிரிக்கவில்லை.

"கிரேன் ஒண்ணு கேட்டுப் பாக்கவா? அப்படியே தூக்கி அலுங்காம பீடத்துல இறக்கிருவேன். முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு பெட்டி கீழ போட்டதில்ல."

"நான் பெட்டியா?"

"இல்ல."

"அப்ப நடந்துதான் வருவேன்" என்றாள். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போனாள். கோகிலவாணியும் கூடப் போனாள். டெய்லர் அகுஸ்தீன் வாஸ். கோயிலில் ஆர்மோனியம் வாசித்து அந்த நாலு பேர் குழுவை நடத்துகிறவரும் அவர்தான். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு தோளை அளந்தார்.

"மொகம் ஏன் இப்படி இருக்கு ஏட்டம்மா? கல்யாணப் பொண்ணு மாதிரியா இருக்கு?"

சொன்னாள். அவர் அளப்பதை நிறுத்தினார்.

"அந்த மணிட்ட என்ன சொல்லுதிய?"

கோகிலவாணி அட்டையைக் கொடுத்தாள். அகுஸ்தீன் டிக் போட்ட மூன்றையும் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"இந்த மூணையும் சேத்தது யாரு? பெரிய வித்துவானா இருக்கணுமே."

"நானுங்க" என்றாள் கோகிலவாணி. "மூணு கால் நடை, நடுவுல இருக்கிற காலு, பாதி லெஃப்ட்டு."

குண்டூசிகள் மேசைமேல் கொட்டின. அகுஸ்தீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோகிலவாணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"கோவிச்சுக்காதம்மா. நீ தப்பாச் சொல்லி அது சரியாப் புரிஞ்சிருக்கு. எடம்னா லெஃப்ட் இல்ல. பாட்டு எடுக்கிற எடம். இங்க பாரு."

கத்திரிக்கோலின் கைப்பிடியால் மேசையில் தட்டினார்.

"இது தாளம். தட்டு விழும்போதே பாட்டும் விழுந்தா அது சமம். எங்க கோயில்ல அப்படித்தான் எடுக்கணும். எங்க ஆளுக எடுக்க மாட்டானுவ, அது வேற கத. தட்டு விழுந்து, அதுல பாதி போனதுக்கப்புறம் பாட்டு வந்தா அது அரை எடம். கேளு."

தட்டினார். ஒரு துளி விட்டுப் பாடினார். மறுபடி தட்டினார், விட்டார், பாடினார். மூன்றாவது தடவை கோகிலவாணி அவருடைய கையைப் பார்க்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவின் இடது பாதத்தைப் பார்த்தாள். அது ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் தானாக எழும்பியது.

"அந்த நடுவுல என்னங்க இருக்குது?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. அதான் இழுக்குது. பாட்டு வரும்னு உடம்புக்குத் தெரியும். இன்னும் வரல. என்னடான்னு எட்டிப் பாக்கும்."

ஜெசிந்தா தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அகுஸ்தீன் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இந்த மூணு சொல்லு எனக்குப் போதும். மணிக்கு அர நிமிஷம். எனக்கு நாலு நாள். ஆனா அளவு வேணும்."

"அதான் எடுத்துட்டியளே."

"அது ரவிக்கைக்கு. இது பாட்டுக்கு."

கோயில் வாசலிலிருந்து பீடத்துக்கு எத்தனை அடி என்று கேட்டார். போய் எண்ணினார்கள். அவளுடைய அடிக்கு நாற்பத்திமூன்று. எந்த இடத்தில் களைப்பாள் என்று கேட்டார். யாரைப் பார்த்ததும் நின்றுவிடத் தோன்றும் என்று கேட்டார். எதைக் கேட்டால் சிரிப்பாள் என்று கேட்டார். அவள் யோசித்து, பழைய லாரிகள் ரிவர்ஸ் எடுக்கும்போது போடும் சத்தம் என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

"மணி என்னைய ஒண்ணுமே கேட்டதில்ல" என்றாள் ஜெசிந்தா.

"அதுக்கு வேற ஆளுக காத்துக்கிட்டு இருப்பாவ. எனக்கு நீங்க ஒரு ஆளு."

ஐந்தாம் நாள் பாட்டு வந்தது. சின்னப் பாட்டு. மூன்றே வரி. கடல் காற்று வாசலுக்கு வந்து, உள்ளே வரலாமா என்று கேட்பதாக இருந்தது. இரண்டாவது வரியின் முடிவில் லாரி ரிவர்ஸ் எடுத்தது.

பிரச்சினை குழுவில் வந்தது. நான்கு பேரும் பதினோரு வருஷமாகத் தாளத்துக்குப் பிந்தியே எடுத்து வந்தவர்கள். ஏசி ஏசி அகுஸ்தீன் தொண்டை போனதே அதனால்தான். பிந்தி எடுக்கத்தான் வேண்டும் என்றதும் சுலபமாகப் போயிற்று என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒருவர் கால் இடம் பிந்தினார். ஒருவர் முக்கால். ஐஸ் ஃபாக்டரியில் வேலை பார்க்கும் ரெமிஜியுஸ், கனமான குரல், ஒரு முழுத் தட்டு பிந்தி வந்து சேர்ந்தார்.

"அரை எடம் வே, அரை" என்று கத்தினார் அகுஸ்தீன். "அடுத்த பஸ்ல வாரீரே."

"பதினோரு வருஷமா லேட்டா வராதன்னு ஏசுனிய. இப்ப லேட்டா வான்னு ஏசுதிய. ஏதாவது ஒண்ணுல நில்லும்."

"சும்மா லேட்டா வாரது வேற. சரியா லேட்டா வாரது வேற."

"எம் பொண்டாட்டியும் அதான் சொல்லுவா" என்றார் ரெமிஜியுஸ்.

தினமும் சாயங்காலம் டெய்லர் கடையில் ஒத்திகை நடந்தது. கடை சின்னது, கதவைத் திறந்துதான் வைக்க வேண்டும். தெருவில் போனவர்கள் நின்றார்கள். காதில் இருந்த மணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். "இது எந்த மணி?" என்று ஒருவர் கேட்டார். மறுநாளும் அதே பாட்டு வந்தது அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. நேற்றுக் கேட்ட பாட்டை இன்றைக்கும் கேட்பது அவர்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

ஒரு காலையில் ஜெசிந்தா மீன் மார்க்கெட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். சாளை விற்கிறவள் ஏதோ முணுமுணுத்தாள். நாலு கடை தள்ளி இறால் உரிக்கிற பெண் அதன் அடுத்த வரியை முணுமுணுத்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஜெசிந்தா நடுவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர் வழி கேட்டார். "காலுக்கு ஒண்ணுமில்ல, நானாத்தான் நிக்கேன்" என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கோயிலில் ஐந்து தடவை நடந்து பார்த்தாள். ஐந்து தடவையும் பீடம் வரைக்கும் போனாள். நால்வரும் ஐந்து தடவையும் சரியாக அரை இடம் விட்டார்கள். ரெமிஜியுஸ் தன் கையைத் தானே குலுக்கிக்கொண்டார்.

கல்யாணம் காலை பத்து மணிக்கு. வாசலில் கூடையோடு கொரைரா நின்றார். முதல் மணியை ஜெசிந்தா போட்டாள். தனக்குப் பிறகு வந்த ஒவ்வொரு காதையும் பக்கத்திலேயே நின்று உற்றுப் பார்த்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசல் நிலைக்கு நேராக வந்து நின்றாள். பாதங்கள் எதிர்பார்த்தபடியே ஒட்டிக்கொண்டன. பரவாயில்லை. இதற்குத்தான் பாட்டு.

கோயில் நிறைந்திருந்தது. எல்லாத் தலைகளும் திரும்பியிருந்தன. அந்தக் கடைசியில் தனிஸ், கறுப்புக் கோட்டில், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

பாடகர் குழு மாடியில் புதுச் சட்டை போட்டு நின்றது. நான்கு பேர் முகத்திலும் வேர்வை. இத்தனை பேர் ஒரு பாட்டுக்காகக் காத்து உட்கார்ந்து அவர்கள் பார்த்து வெகுநாளாகிவிட்டது. அகுஸ்தீன் சுருதி பிடித்தார். காலால் பலகையில் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று. அடுத்த தட்டு விழுந்தது.

நால்வரும் எடுத்தார்கள். தட்டின் மேலேயே.

பதினோரு வருஷம் வாங்கிய ஏச்செல்லாம் அந்த ஒரு நொடியில் பலித்தது. நாலு குரலும் ஒரு குரலாக, ஓர் இழை முன்பின் இல்லாமல், சமத்தில் விழுந்தன. அவர்கள் வாழ்க்கையிலேயே அப்படிப் பாடியதில்லை. அகுஸ்தீன் ஒரு கையால் வாசித்துக்கொண்டே துருத்தியை ஒரு கணம் விட்டு, இன்னொரு கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஜெசிந்தா நின்றாள்.

முதல் வரி போயிற்று. இரண்டாவது வரியும் தட்டின் மேலேயே எடுத்தது. லாரி ரிவர்ஸ் எடுத்தது. அவள் சிரிக்கவில்லை. கோகிலவாணி பக்கத்தில் வந்து, "அம்மா, கை தரட்டுங்களா?" என்றாள். ஜெசிந்தா தலையசைத்து மறுத்தாள். தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று நாற்காலி கொண்டுவந்து வைத்திருந்தார். தனிஸ் ஓரடி முன்னால் வந்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் திரும்பப் பின்னால் போனார்.

மூன்று வரியும் முடிந்து பாட்டு மறுபடி முதலுக்கு வந்தது.

அவள் பாட்டை விட்டுவிட்டுத் தட்டை மட்டும் கேட்டாள். மேலே அகுஸ்தீனின் கால் பலகையில் அடித்துக்கொண்டிருந்தது. தட்டு விழுந்தது. அதன் பின்னால் அந்தத் துளி இருந்தது. பாட்டு அதன்மேல் போர்வை மாதிரி கிடந்தது, ஆனால் அடியில் அது அங்கேயேதான் இருந்தது. இன்னொரு தட்டு. அது போகட்டும் என்று விட்டாள். பாட்டும் போகட்டும் என்று விட்டாள். எல்லோரும் போன பிறகு காலியாகக் கிடந்த அந்த அரை இடத்தில் இடது காலைத் தூக்கி வைத்தாள்.

நிலையைத் தாண்டிவிட்டாள்.

பாட்டு சமத்தில் எடுத்தது. கால் அரை இடத்தில் எடுத்தது. மறுபடியும். மறுபடியும். பாட்டு முன்னால் போக, அவள் ஒரு துளி பின்னால் போனாள். பார்த்தவர்களுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. இடப்பக்கம் மச்சாது மகள், கையில் குழந்தை. வலப்பக்கம் நகைக்கடைக் காவலாளி, அவருக்கு யார் சொன்னது? சாளை விற்கிறவள் பட்டுப்புடவையில் இருந்தாள், வாய் அசைந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் வாயும். அதற்கடுத்தவர் வாயும். நடுக் கோயிலுக்கு வந்தபோது மாடியில் நாலு குரல் கேட்கவில்லை. கீழே இருந்தவர்கள் பாடிய சத்தத்தில் அது அமுங்கிப்போயிருந்தது. ஒரே பாட்டு. இரண்டாவது முறை லாரி வந்தபோது அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வரிசை வரிசையாக எண்ணினாள். வில்லவராயர் வீட்டில் மட்டும் யாரும் வரவில்லை.

பீடத்துக்கு முன்னால் வந்து நின்றபோது பாட்டு முடிந்து ஒரு துளி ஆகியிருந்தது.

தனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "லேட்டு, ஏட்டம்மா" என்றார் மெதுவாக. "பாட்டு எப்பவோ வந்துட்டு."

"லேட்டு இல்ல" என்றாள். "இதான் எடம்."

பூசை முடிந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது நால்வரும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். புதுச் சட்டைகள் நனைந்திருந்தன. ரெமிஜியுஸ் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எப்படி ஏட்டம்மா? அரை எடம் சரியா விட்டோம்லா?"

அகுஸ்தீன் அவருக்குப் பின்னால் நின்று, சொல்லிவிடாதீர்கள் என்று இரண்டு கையாலும் கும்பிட்டார்.

இருபத்தெட்டு வருஷத்தில் ஜெசிந்தா ஒரு பிசகையும் கண்டும் காணாமல் விட்டதில்லை. பேனாவை மூடினாள்.

"ஒரு நூல் பிசகல" என்றாள்.

"பாத்தியளா?" என்று ரெமிஜியுஸ் மற்ற மூவரிடமும் திரும்பினார். "மாஸ்டரு மொகத்த மூடிக்கிட்டு அழுதாரு. நான் பாத்தேன்."

"சந்தோஷத்துல வே" என்றார் அகுஸ்தீன்.